ரதியின் இடப்பக்கக் கொண்டை

போன வாரம் கடைக்கு ஒரு டீச்சர் பிள்ளை வந்தாள். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஹாஜியாரின் புடவைக் கடைக்கு மேல்மாடியில்தான் என் தையல் கடை இருக்கிறது. இலைப்பச்சைச் சேலைக்குச் சட்டை தைக்க வேண்டும் என்றாள். அளவெடுக்க நாடாவைக் கையில் எடுத்ததும், கைப்பைக்குள்ளிருந்து ஒரு மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கழுத்த இந்த மாலைக்கு ஏத்த மாதிரி வெட்டுங்க. பதக்கம் துணி மேல விழக்கூடாது, தோல் மேல கெடக்கணும்."

மாமியாருக்குப் பயந்து கழுத்தை ஏற்றி வெட்டியிருக்கிறேன். கல்யாண வீட்டுக்கென்று இறக்கி வெட்டியிருக்கிறேன். ஒரு மாலைக்காகக் கழுத்து வெட்டச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. எவ்வளவு இறக்கம் என்று பார்க்கப் பதக்கத்தை விரலால் தூக்கினேன். சுட்ட களிமண். கோத்திருந்த கயிற்றிலிருந்து கருப்பந்தேயிலை என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் மரத்தின் தைல வாசனை வந்தது. எங்கள் தோட்டத்தில் மழை விட்டதும் லயத்து வீடுகளுக்கு மேலேயிருந்து இறங்கி வரும் அதே வாசனை. அது மூக்கில் ஏறியபோதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

பதக்கத்தில் ஒரு பெண் தெய்வத்தின் முகம். பக்கவாட்டில் சரிந்த பெரிய கொண்டை, கொண்டையில் செருகிய பன்னம், அதாவது பெரணி இலை, காதில் தேயிலைப் பூ. கண்கள் பாதி மூடியிருந்தன. தாடையின் நடுவில் குன்றிமணி உட்காரும் அளவுக்கு ஒரு குழி.

"இந்தக் குழி என்னம்மா? ஒடஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, அது டிசைன். பழைய காலத்து அம்மன் முகமாம். பண்டாரவளையில ஒரு அக்கா செய்றாங்க. கொழும்புல இருந்தெல்லாம் ஆள் தேடி வருது. வீடியோ பாக்குறீங்களா?"

போனை நீட்டினாள். வீடியோவில், சின்ன வயதில் எனக்கு அடுத்த வீட்டுக்காரியான பரமேஸ்வரி இருந்தாள். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள், கொஞ்சம் சதை வைத்திருந்தாள், அதுவும் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. நம் மலையின் இலையையும் கொட்டையையும் பழைய கோயில் அம்மன்களையும் பார்த்துத்தான் செய்கிறேன் என்று அழகாகப் பேசிக்கொண்டே வந்து, கடைசியில், "இந்த முகம் மட்டும் நான் சின்ன வயசுல ரொம்பக் கிட்ட இருந்து பார்த்த ஒரு தெய்வம்" என்றாள்.

கையிலிருந்த பதக்கத்தை இறுக்கிப் பிடித்தேன். ஏனென்றால் அந்தத் தெய்வம் என் அப்பா.

எனக்குப் பொறாமை அதிகம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்துக் கடைக்காரி புது மெஷின் வாங்கினால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. ஆனால் அதெல்லாம் வந்து போகிற பொறாமைகள். பரமேசு மீது எனக்கு இருப்பது வாடகை கொடுக்காமல் நிரந்தரமாகக் குடியிருப்பது.

நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது, அதற்கு முந்தியது பரமேசு வீட்டுடையது. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாது. அவர்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் சும்மா சோற்றையே சாப்பிட்டுவிடலாம். அவளுக்கு அப்பா இல்லை. அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து பறிப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே வகுப்பு. இவ்வளவு போதும், பொறாமைக்கு வேறு உரம் வேண்டாம்.

அப்பா தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஒருநாள் வெட்டும்போது தெறித்த தேயிலைக் கட்டை தாடையில் பட்டு அந்தக் குழி விழுந்தது. மற்றபடி பார்க்கச் சாதாரண ஆள், நல்ல மீசை, வெற்றிலை வாய், குறட்டை. வருஷத்தில் பதினோரு மாதம் அப்படி இருப்பார். மாசி பிறந்து காமன் கூத்துக்குக் காப்புக் கட்டியதும் மீசையை எடுத்துவிடுவார். எங்கள் தோட்டத்து ரதி அவர்தான். சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்து மன்மதனை எரிக்க, தாலி இழந்து புலம்பும் ரதி. கூத்தில் பெண் வேஷம் ஆண்கள்தான் கட்டுவார்கள். மீசை இல்லாத அந்த நாட்களில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போனால் கங்காணி, "ரதியம்மா வந்தாச்சு, பேர் போடுங்க" என்பாராம். அப்பாவுக்குக் கோபம் வராது. உள்ளூரச் சந்தோஷம்தான் என்று அம்மா சொல்வாள்.

ரதிக்கு நகை வேண்டும். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், வங்கி, கழுத்து நிறைய மாலை. இப்போது மாதிரி வாடகைக்குக் கல் வைத்த செட் எடுத்து வருகிற காலமில்லை அது. எல்லாம் கையால் செய்ய வேண்டும். மலையில் என்ன கிடைக்கிறதோ அதுதான் தங்கம். தேயிலைக் கொட்டை, சாம்பல் நிறத்தில் பளபளக்கும் காட்டுமணி, கருப்பந்தேயிலை மரம் உதிர்க்கிற சின்னச் சின்ன மூடிகள், தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாள். ஃபேக்டரியில் கிழிந்த ஈயத்தாளை அப்பா மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். வந்து, எங்கள் வாசலைத் தாண்டி, பரமேசு வீட்டு வாசலில் நின்று, "பரமேசு, இந்தா புள்ள" என்று கொடுப்பார்.

அதை நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் காக்கைக்கு அடுத்த வீட்டுக் குஞ்சுதான் பொன்னாகத் தெரிந்தது.

நியாயமாகச் சொன்னால், அவள் கை நல்ல கை. அதை எழுதும்போதே எனக்குக் கசக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் மலையில் ஒரு பன்னம் உண்டு, அதன் இலைக்கு அடிப்பக்கம் வெள்ளைப் பொடி பூசினாற்போல் இருக்கும். இலையைப் புறங்கையில் வைத்து ஓர் அடி அடித்தால் நரம்பு நரம்பாக வெள்ளை அச்சு விழும். லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் மருதாணி. என் கையில் எப்போதும் மாவு கொட்டினாற்போல் திட்டாக விழும். அவள் கையில் ஒரு நரம்பு பிசகாமல் விழும். ஓங்கி அடித்தேன், மெதுவாக அடித்தேன், அவள் வைத்திருந்த இலையையே பிடுங்கி அடித்தும் பார்த்தேன். கை சிவந்ததுதான் மிச்சம்.

அந்த விளையாட்டை அவள் நகையாக்கிவிட்டாள். பன்ன இலையின் மேல் ஈயத்தாளை வைத்து, கரண்டிப் புறத்தால் தேய்ப்பாள். இலை அப்படியே தாளில் எழும்பி வரும். அதை வெட்டி, ஓரம் மடித்து, காட்டுமணியோடு கோத்தால் விளக்கு வெளிச்சத்தில் சொக்க வெள்ளிதான். வாத்தியாரே பார்த்துவிட்டு, "பதுள கடத்தெருவுல இப்படி ஒண்ணு கெடைக்குமா?" என்று கேட்டார். கூத்துச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் அவர். யாரையும் லேசில் புகழ மாட்டார்.

சரி, நகை செய்வது அவள். அணிவிப்பதாவது நானாக இருக்கக் கூடாதா? இருக்கக் கூடாது. அங்கேதான் ஒரு சாத்திரம் வந்து குறுக்கே நின்றது. எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு வழக்கம். வேறு தோட்டங்களில் உண்டா என்று எனக்குத் தெரியாது. ரதி வேஷம் கட்ட உட்கார்ந்துவிட்டால், ஆட்டம் முடியும் வரைக்கும் சொந்த வீட்டு ஆட்கள் அவர் முகத்துக்கு நேரே பார்க்கக் கூடாது. ரதி தாலியறுக்கப் போகிறவள். பெண்டாட்டியோ பிள்ளையோ அந்த முகத்தில் விழித்தால் அந்தத் துக்கம் அந்த வீட்டுக்கே வந்துவிடும் என்பார்கள். ஆட்டம் நடக்கும்போதுகூட அம்மாவும் நானும் ரதிக்கு முதுகுப் பக்கமாகத்தான் நிற்க வேண்டும். ஊரே முன்னால் உட்கார்ந்து ரதியின் அழுகையைப் பார்த்துத் தானும் அழும். நாங்கள் கொண்டையையும் முதுகையும் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அம்மாவுக்கு அதில் குறையே கிடையாது. "அந்த மொகத்தையா? தெனமும்தான் பாக்குறேன். ஒரு ராத்திரி நிம்மதியா இருந்துட்டுப் போறேன்" என்று அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

அப்படியானால் ரதிக்கு எதிரே உட்கார்ந்து நகை பூட்டுவது யார்? வேறு வீட்டுக்காரர்களும் தங்கள் பெண் பிள்ளைகளை விடப் பயந்தார்கள். பரமேசுவின் அம்மாதான், "எங்களுக்கு வர வேண்டியது வந்து போயிருச்சு. இனி என்னா வரப் போவுது? எம்மக பூட்டட்டும்" என்றாள். அந்தச் சொல் எவ்வளவு கனமானது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றுதான். அப்பா இல்லாததால் அவளுக்கு என் அப்பா கிடைத்துவிட்டார். அப்பா இருப்பதால் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் அழுது அடம்பிடித்ததில் ஒரு சின்னச் சலுகை கிடைத்தது. "பின்னால நின்னு வெளக்க புடி. மூஞ்சிய பாக்காத" என்றார் அப்பா. சுவரில் ஒரு கண்ணாடி தொங்கும். தகரச் சட்டம் போட்டது. பதுளைக் கடைத்தெருவில், இப்போதைய ஹாஜியாரின் வாப்பா கடை வைத்திருந்த காலத்தில் வாங்கியது. அதற்கு எதிரே தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அப்பா உட்காருவார். கண்ணாடிக்குக் கீழே, சுவரில் முதுகு சாய்த்து, அப்பாவுக்கு நேர் எதிரே பரமேசு. அப்பாவுக்குப் பின்னால் சிம்னி விளக்கைத் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டு நான். அந்த வெளிச்சத்தில்தான் வாத்தியார் அரிதாரம் பூசுவார், சவுரியைச் சுருட்டிக் கொண்டை வைப்பார். பிறகு பரமேசுவின் முறை.

முகத்தை நேரே பார்க்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நான் கண்ணாடியைத்தான் பார்த்தேன்.

அங்கே கொஞ்சம் கொஞ்சமாக அப்பா போவார், ரதி வருவாள். கன்னத்தில் ரோஸ் பவுடர் ஏறும், புருவம் வளையும், கொண்டை இடப்பக்கமாகச் சரிந்து உட்காரும். கொண்டையில் பன்ன இலை செருகியதும் அந்த முகத்தில் ஒரு வெட்கம் வரும் பாருங்கள், அது அம்மாவிடமும் இல்லாத வெட்கம். தாடைக் குழி மட்டும் அரிதாரத்துக்கு அடங்காமல் தெரியும். அது ஒன்றுதான் இவர் நம் ஆள் என்று எனக்குத் தைரியம் சொல்லும். அந்தக் காட்சியிலும் பாதிக் கண்ணாடியை மறைத்துக்கொண்டு பரமேசுவின் தலை இருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அதை அப்படியே பிடித்து ஒரு பக்கம் தள்ளிவிட வேண்டும் போலிருக்கும். "தலைய குனிஞ்சுக்க பரமேசு" என்று அப்பா அடிக்கடி சொல்வார். கொக்கி மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று சொல்கிறார் என நினைத்துக்கொள்வேன்.

ஒரு வருஷம் நானும் துணிந்து ஒரு மாலை செய்தேன். விதைத் தேயிலை மரத்தடியில் பொறுக்கிய கொட்டைகள். குடைக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டேன், இரண்டு விரல் பொத்துப் போனது. தேங்காயெண்ணெய் தடவி மினுக்கினேன். நடுவில் ஈயத்தாளில் ஒரு சூரியன் வைத்தேன். பரமேசு பார்த்துவிட்டு, "சூரியனா? நா சோடா மூடின்னு நெனச்சேன்" என்றாள். உள்நோக்கம் இல்லாமல்தான் சொன்னாள். அது இன்னும் மோசம்.

வேஷம் கட்டுகிற அன்று மத்தியானம் அதை அப்பாவிடம் நீட்டினேன். கையில் வாங்கி, கொட்டை கொட்டையாகத் தடவிப் பார்த்தார். சூரியனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்க. ஆனா இது வேணாம் புள்ள. வேஷத்துக்கு பரமேசு செஞ்சது இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, கவ்வாத்துக் கத்தி தொங்குகிற ஆணியில் என் மாலையையும் மாட்டினார். அன்றைக்கு விளக்குப் பிடித்துக்கொண்டே நான் கண்ணைத் துடைத்ததற்குக் காரணம் பக்தி என்று வாத்தியார் நினைத்தார். கண்ணாடியில் ரதியின் கழுத்து முழுக்க அவள் செய்த வெள்ளிப் பன்னங்கள். மறுபக்கம் திரும்பினால் ஆணியில் என் சோடா மூடி. அம்மா என்னைத் தேற்றுவதற்காக, "ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ள தானா வளரும்" என்றாள். நான் வளர்ந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு ஒரே ஆறுதல் மறுநாள் காலையில் வரும். காமனை எரித்த பிறகு ரதியின் உடம்பிலிருந்து கழற்றிய எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. தாலியறுத்தவளின் நகை வீட்டுக்கு ஆகாது. எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டிக்கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பரமேசு இராப்பகலாகச் செய்த வெள்ளிப் பன்னங்கள் பாறைக்குப் பாறை முட்டிக்கொண்டு போகும். எல்லோரும் திரும்பிவிடுவார்கள். நான் மட்டும் திரும்பிப் பார்ப்பேன். அந்தக் காலை நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவள் முகத்தில் ஒரு வருத்தமும் தெரியாது என்பதுதான் குறை. அடுத்த மாசியில் அதைவிட நல்லதாக ஒன்றைச் செய்துவிடுவாள். வருஷம் தவறாமல் செய்து செய்து ஆற்றில் விட்டதால்தான் அவளுக்குக் கை இப்படித் திருந்தியது என்று இப்போது தோன்றுகிறது. என் மாலை ஆணியிலேயே தொங்கிப் புகை படிந்தது.

வேஷத்தில் அப்பாவைப் படம் எடுக்க முடியாது. ஒரு தடவை பதுளையிலிருந்து கேமராவோடு வந்த ஒருவரைக் கவ்வாத்துக் கத்தியைக் காட்டி விரட்டியிருக்கிறார், ரதி வேஷத்திலேயே. அதனால் எங்களிடம் இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். கோழி திருடிப் பிடிபட்ட ஆள் மாதிரி அதில் முழிப்பார். அப்பா போய்ச் சேர்ந்தபோது அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம். அன்றைக்கும் பரமேசு வந்திருந்தாள். கல்யாணமாகிப் பண்டாரவளைக்குப் போயிருந்தவள் படியேறும்போதே, "மாமா" என்று ஒரு குரல் கொடுத்தாள், பாருங்கள், சாவு வீடே அவள் பக்கம் திரும்பியது. மகள் நான், என் அழுகை எடுபடவில்லை.

இதெல்லாம் அந்த டீச்சர் பிள்ளையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நான் யோசித்தவை. "அக்கா, அளவு எடுத்தாச்சா?" என்று அவள் பயந்துபோய்க் கேட்ட பிறகுதான் பதக்கத்தை விட்டேன். விடும்போது ஒன்று கண்ணில் பட்டது. கொண்டை வலப்பக்கம் சரிந்திருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! ரொம்பக் கிட்ட இருந்து பார்த்தாளாம், தெய்வமாம். கொண்டை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. என் கண்ணாடியில் அது இடப்பக்கம்தான் இருந்தது. கூத்து ஆடுகிற பொட்டலில் முதுகுப் பக்கம் நின்று பார்த்தபோதும் இடப்பக்கம்தான். ஊர் ஊராகத் தப்பான ரதியை விற்றுக்கொண்டிருக்கிறாள். அந்தச் சட்டையை நான் அவ்வளவு சந்தோஷமாகத் தைத்தேன், கழுத்து பிரமாதமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்குப் பஸ் ஏறினேன். தெமோதரை, எல்ல என்று ஊர்கள் வர, ஒவ்வொரு வளைவிலும் அவளிடம் கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ரோட்டுக்கு மேலே மேட்டில் வீடு. முன் அறையில் இரண்டு பெண்கள் கொட்டைகளுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், சின்ன மெஷினால், விரல் பொத்தாமல். ஜன்னலோரம் நீளமான தட்டு ஒன்றில் சுடப்போகிற பதக்கங்கள் வரிசையாக இருந்தன. தட்டு நிறைய அப்பா காய்ந்துகொண்டிருந்தார்.

"என்னா புள்ள, இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?" என்று ஓடிவந்து கையைப் பிடித்தாள் பரமேசு. களிமண் கை. என் சேலையில் அச்சு விழுந்தது.

நான் உட்காரவில்லை. "யாரக் கேட்டு எங்கப்பா மொகத்த விக்கிற?" என்றேன்.

ஓட்டை போடுகிற பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். பரமேசு அசரவில்லை. "கண்டுபுடிச்சிட்டியா? நீ கண்டுபுடிக்கணும்னுதானே அந்தக் குழிய வச்சேன். வேற யாருக்குத் தெரியப் போவுது? வாங்குற ஆளுங்க எல்லாம் அத டிசைனுன்னு நெனைக்கிறாங்க. நானும் ஆமான்னு சொல்லிடுவேன்."

"வச்சதுதான் வச்ச, ஒழுங்கா வச்சியா? கொண்ட தப்பு. அப்பாவுக்கு எடப்பக்கம்."

அவள் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நக்கல் சிரிப்பாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீ எங்க நின்ன?"

"பின்னால."

"நா?"

நான் தட்டில் இருந்த பதக்கங்களைப் பார்த்தேன்.

"பின்னால நின்னவளுக்கு எடது. முன்னால ஒக்காந்தவளுக்கு வலது. ஒரே கொண்டதான் புள்ள. நீ சட்ட தைக்கிறவதானே?"

இருபது வருஷத்துக்கு மேலாக முன்துண்டு, பின்துண்டு, இடது கை, வலது கை என்று வெட்டித் தைக்கிறவள் நான். துணியைத் திருப்பிப் போட்டால் இடது வலதாகும் என்று கடைக்கு வருகிற பழகுநர் பிள்ளைகளைத் திட்டுகிறவள். பொறாமைக்காரிக்கு இடமும் தெரியாது வலமும் தெரியாது. அந்த இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

பிளேன்டீ வந்தது. பரமேசு எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பதக்கத்தின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"நீ கண்ணாடியில பாப்பேன்னு மாமாவுக்குத் தெரியும். என் தல மறைக்கும்னுதான் குனிஞ்சுக்க குனிஞ்சுக்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. எனக்குக் கழுத்தே வலிச்சுரும்."

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். அப்பா என்னைப் பார்க்க விட்டிருக்கிறார், சாத்திரத்துக்குத் தெரியாமல். அது எவ்வளவு பெரிய சமாசாரம்! ஆனால் அதையும் நான் இவள் வாயால் அல்லவா தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது? நேரே பார்த்தவளும் இவள், இரகசியம் வைத்திருந்தவளும் இவள்.

"ஒன் மாலைய ஆணியில மாட்டி வச்சாரே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா? நா செஞ்சதெல்லாம் ஆத்தோட போச்சு. ஒன்னுது மட்டும் அவரு கத்திகூட தொங்குச்சு. ஒங்க வீட்டுக்கு வர்றப்ப எல்லாம் அதைத்தான் பாப்பேன்."

அவளும் எரிந்திருக்கிறாள்! இத்தனை வருஷத்தில் அவள் எனக்குக் கொடுத்த நல்ல பரிசு அதுதான். ஆனால் முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை. ஆணியில் தொங்கியது என்னுடையது. ரதியின் கழுத்தில் கிடந்தது அவளுடையதுதானே? ஒரு ராத்திரிதான் என்றாலும் கழுத்து கழுத்துதான்.

"ஆமா, அந்த மால இப்ப எங்க?" என்று கேட்டாள்.

எங்கே? லயத்தை விட்டு ஆட்களைக் கீழே தனி வீடுகளுக்கு மாற்றியபோது சாமான்களை லொறியில் ஏற்றினோம். கத்தியை அம்மா எடுத்து வந்தாள். மாலையை யாரும் எடுக்கவில்லை. தகரச் சட்டக் கண்ணாடி வழியிலேயே உடைந்தது. அடுத்த மழையில் மண் சரிந்து லயத்தின் கோடிப் பக்கத்தைக் கொண்டுபோனது. கோடிக் காம்பரா எங்களுடையது. அந்த ஆணி இருந்த சுவர் இப்போது எந்தத் தேயிலைக்கு உரமாகியிருக்கிறதோ. கூத்து இன்றைக்கும் நடக்கிறது, நல்ல கூட்டம். ரதி வேஷம் கட்டுகிற பையன் மைக் முன்னால் நிற்கிறான், ஆளுக்கு ஆள் போனில் படம் எடுக்கிறார்கள், அவனும் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவன் பெண்டாட்டி முதல் வரிசையில் உட்கார்ந்து வீடியோ பிடிக்கிறாள். அவளைப் பார்த்தாலும் எனக்குப் பொறாமைதான்.

நான் கிளம்பும்போது பரமேசு ஒரு பதக்கத்தைத் தாளில் சுற்றிக் கொடுக்க வந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நிறுத்திக்கொண்டாள்.

"ஒனக்கு வேணும்னா கொண்டைய எடப்பக்கம் வச்சு ஒண்ணு செஞ்சு தரவா? நீ பாத்த மாதிரியே."

"வேணாம்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அதையும் அவளே செய்துவிட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும்? கண்ணாடிக்குள் இருந்த அந்த ரதியை உலகத்தில் பார்த்தவள் நான் ஒருத்திதான். அந்த ரதி படத்தில் இல்லை, பதக்கத்தில் இல்லை. இருக்கிற இடம் என் தலை. அங்கேயே இருக்கட்டும். பரமேசு அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பஸ் வரும் வரைக்கும் கூடவே நின்று, ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் எல்ல இறக்கத்தில் இறங்கும்போது கண்ணை மூடி அந்தக் காம்பராவைக் கொண்டுவந்தேன். கவிழ்த்த தேயிலைப் பெட்டி வந்தது. சிம்னி விளக்கின் மண்ணெண்ணெய் வாசனை வந்தது. பரமேசுவின் எண்ணெய்த் தலை வந்து, பிறகு குனிந்துகொண்டது. கண்ணாடியில் அப்பா வந்தார், ரோஸ் பவுடரும் தாடைக் குழியுமாக, அந்த வெட்கத்தோடு.

கொண்டை வலப்பக்கம் இருந்தது.

கண்ணைத் திறந்து, மறுபடி மூடிப் பார்த்தேன். பதுளை வந்து சேரும் வரைக்கும் மூடி மூடிப் பார்த்தேன். வலப்பக்கம்தான் வருகிறது.